கண்ட்ரோலரைக் குற்றம் சொல்லுமுன்

நடை தளர்ந்தவர்களுக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர் என்னும் சிறிய மின்சார வாகனம் எத்தகைய உபகாரம் செய்கிறது என்பதை, அது பழுதாகி நின்றுவிட்ட ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் பூரணமாக உணர முடியும். கடைக்குப் போவதும், மருந்து வாங்கி வருவதும், கடற்கரையில் அரை மணி நேரம் காற்று வாங்கியபடி நாலு பேருடன் பேசிவிட்டுத் திரும்புவதும் அதுவரை யாருடைய தயவையும் எதிர்பாராமல் நடந்துவந்த காரியங்கள். ஸ்கூட்டர் நின்ற மறுநாளே அவை ஒவ்வொன்றுக்கும் மகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கேட்க வேண்டிய நிலைமை வந்துவிடுகிறது. நான் வசிக்கும் இங்கிலாந்தின் தென்கரைப் பிரதேசத்தில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம்; ஆகையால் ஸ்கூட்டர்களும் அதிகம்; கடற்காற்றின் உப்பும் மழையும் சேர்ந்துகொள்வதால் அவற்றில் மின்சாரப் பழுதுகளும் அதிகம். மின்சார வேலையைத் தொழிலாகக் கற்றவன் என்ற முறையில், ஓய்வு நேரங்களில் இவற்றைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கமாகிவிட்டது. அந்த அனுபவத்தில் என் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே எழுத வேண்டுமென்பது நெடுநாளைய எண்ணம்.

ஸ்கூட்டர் ஓடவில்லை என்றால், "கண்ட்ரோலர் போய்விட்டது" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவது மிகவும் சுலபம். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, லீவரை அழுத்தினால் வண்டி நகரவில்லை, உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு பெட்டி இருக்கிறது; அந்தப் பெட்டியை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்வதற்குப் பெரிய பரீட்சை எதுவும் தேவைப்படுவதில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் விலை பல நூறு பவுன் ஆகலாம். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிற ஒருவருக்கு அது லேசான தொகையன்று. அதைவிட வருந்தத்தக்கது என்னவென்றால், அவ்வளவு செலவு செய்து மாற்றிய பிறகும் பழைய பழுது அப்படியே திரும்பி வருவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கண்ட்ரோலர் வண்டியை நிறுத்திவிட்டது என்பதனாலேயே கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று ஆகாது. தன்னுடன் இணைந்த பாட்டரி, மோட்டார், பிரேக், வேக லீவர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின்மீது அதற்குச் சந்தேகம் விழுந்துவிட்டது; சந்தேகம் தீராத வரையில் மனிதர் ஒருவரைச் சுமந்துகொண்டு நகர்வதற்கு அது சம்மதிப்பதில்லை. அதன் சந்தேகம் எதன்மீது என்று கண்டறிவதே பழுது பார்ப்பவனுடைய முதற்கடமை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இவ்வாகனத்தின் சரித்திரம் நீண்டதன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்பவர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயால் நடமாட்டம் குன்றிய தம் குடும்பத்தவர் ஒருவருக்காக 1968-ஆம் ஆண்டில் செய்த 'அமிகோ' என்ற வண்டியே இந்த வம்சத்தின் மூதாதை. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் விதிகள் நடைபாதையில் மணிக்கு 4 மைல் என்றும், சாலையில் செல்லத் தகுதி பெற்ற பெரிய வகைக்கு மணிக்கு 8 மைல் என்றும் வேகத்துக்கு வரம்பு கட்டியிருக்கின்றன. இந்த வரம்பைக் காப்பாற்றுகிற பொறுப்பும் அந்தக் கறுப்புப் பெட்டியின் தலையில்தான் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பெட்டிக்குள் இருப்பது என்ன? பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 12 வோல்ட் லெட்-ஆசிட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். அந்த மின்சாரத்தை மாஸ்ஃபெட் என்னும் குறைகடத்தி ஸ்விட்சுகள் நான்கு திசையாக நின்று, விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்தும் மூடியும், மோட்டாருக்கு வேண்டிய அளவு மட்டும் செலுத்துகின்றன. எந்த ஜோடி மின்சாரத்துக்கு வழிவிடுகிறது என்பதைப் பொறுத்து வண்டி முன்னேயோ பின்னேயோ போகிறது. வழிவிடும் நேரத்தின் விகிதத்தைப் பொறுத்து வேகம் கூடுகிறது அல்லது குறைகிறது. பாட்டரி பக்கத்தில் பருமனான கண்டென்சர்கள் சில, முக்கிய இணைப்பைக் கொடுக்கவும் துண்டிக்கவும் ஒரு ரிலே, இவை யாவற்றையும் மேற்பார்வை செய்ய ஒரு சின்னஞ்சிறு கணினிச் சில்லு. சாவியைத் திருப்பிய கணத்தில் இந்தச் சில்லு, நாம் லீவரைத் தொடுவதற்கு முன்பே, சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுகிறது: பாட்டரியின் வோல்ட்டேஜ் உரிய எல்லைக்குள் இருக்கிறதா, வேக லீவர் நடு ஸ்தானத்தில் இருக்கிறதா, மோட்டாரின் சுற்று அறுபடாமல் இருக்கிறதா, பிரேக் காயில் இணைந்திருக்கிறதா, தன்னுடைய மாஸ்ஃபெட்டுகளில் எதுவும் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று. ஒன்றில் திருப்தி இல்லாவிட்டாலும் விளக்கைச் சிமிட்டிக் காரணத்தைத் தெரிவித்துவிட்டு வாளாவிருந்துவிடுகிறது.

இந்தச் சிமிட்டல்களின் எண்ணிக்கையில்தான் பலர் முதல் அடியிலேயே தடுமாறுகிறார்கள். பிரிட்டனில் அதிகமாகக் காணப்படும் கண்ட்ரோலர்களில் ஒன்று பி.ஜி. டிரைவ்ஸ் டெக்னாலஜி நிறுவனத்தின் 'எஸ்-டிரைவ்'. மற்றொன்று டைனமிக் கண்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் 'ரைனோ'. முன்னது டார்செட் மாவட்டத்தில் உள்ள கிறைஸ்ட்சர்ச் என்னும் ஊரிலும், பின்னது பூமியின் மறுகோடியில் நியூசிலாந்தில் உள்ள கிறைஸ்ட்சர்ச்சிலும் தோன்றியவை என்பது, இவற்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பூட்டும் ஒற்றுமை. ஊர்ப் பெயர் ஒன்றாயினும் சிமிட்டல் மொழி வேறு. எஸ்-டிரைவ் ஒன்பது முறை சிமிட்டினால், நிறுத்து பிரேக்கின் இணைப்பில் குறை என்று பொருள். ரைனோ அதே ஒன்பது முறை சிமிட்டினால், கண்ட்ரோலரின் உள்ளேயே பழுது என்று பொருள். ரைனோவில் பிரேக் பழுதைச் சொல்வது ஐந்து சிமிட்டல். ஆகவே எந்தக் கண்ட்ரோலர் என்று பாராமல், எங்கோ படித்த ஒரு பட்டியலை நம்பி, பிரேக் ஒயரில் இருக்கும் சாதாரணக் கோளாறுக்காகக் கண்ட்ரோலரையே தூக்கி எறிந்துவிட இடமுண்டு. வண்டி தயாரிப்பவர்கள் சிலர் இந்தக் குறிகளைத் தம் சொந்தத் திரையில் வேறு விதமாகவும் காட்டுவதுண்டு. பெட்டியின்மேல் ஒட்டியுள்ள சீட்டைத் துடைத்துப் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதிக்கொண்டு, அந்த வண்டிக்குரிய கையேட்டைப் பார்த்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும்.

சிமிட்டல் காட்டுவதும் திசையைத்தானே தவிர இடத்தையன்று. 'மோட்டார் இணைப்பில் குறை' என்று வந்தால், குறை மோட்டாருக்குள் தேய்ந்த பிரஷ்ஷில் இருக்கலாம், கனெக்டரில் பச்சை பிடித்த பின்னில் இருக்கலாம், நடுவில் எங்கோ நசுங்கிய ஒயரிலும் இருக்கலாம். இதற்குமேல் மல்டிமீட்டரையும் சொந்த புத்தியையும் கொண்டே வழி தேட வேண்டும்.

முதலில் பாட்டரி. சார்ஜ் செய்து சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பின் இரண்டு பாட்டரிகளும் சேர்ந்து ஏறத்தாழ 25.5 வோல்ட் காட்டினால், பார்க்கிறவர் திருப்தியடைந்து அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார். திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது திடகாத்திரராகத் தோன்றுகிறவர் மாடிப்படி ஏறச் சொன்னதும் மூச்சு வாங்குவதுபோல, வயதான பாட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல எண்ணைக் காட்டிவிட்டுப் பாரம் ஏறியவுடன் சரிந்துவிடும். இருபது முப்பது ஆம்பியர் மின்னோட்டம் போகிற வேளையில் ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே அளக்க வேண்டும். மீட்டர் முனைகளை முறையாகப் பொருத்தி டேப்பால் கட்டி, மிகக் குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் வசதியை இயக்கிவிட்டு, வண்டியில் உட்கார்ந்து ஒரு மேட்டில் மெதுவாக ஏறிவிட்டு வந்து பார்ப்பது என் வழக்கம். ஒன்று 11.8 வோல்ட்டில் நிற்க, மற்றொன்று 9 வோல்ட்டுக்கு விழுந்திருந்தால், விழுந்தது எது என்று நிச்சயமாகிவிடும். ஆனால் மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதையும் பழையதையும் தொடராக இணைத்தால் சார்ஜர் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதால், ஒன்று மிதமிஞ்சி ஏற மற்றொன்று அரைகுறையாக நின்று, புதியதும் விரைவிலேயே கெட்டுப்போகும்.

பாட்டரி நன்றாக இருந்தும் கண்ட்ரோலருக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ் குறைவாக இருந்தால், வழியில் எங்கோ இழப்பு நேர்கிறது. நம்மவர்கள் 'லூஸ் காண்டாக்ட்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் இந்த விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மின்தடையை அளக்கும் நிலையில் மீட்டரை வைத்து இணைப்பைத் தொட்டுப் பார்த்தால், எல்லாம் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். மீட்டர் அனுப்புவது மிக நுண்ணிய மின்னோட்டம், அதற்கு ஒரு கம்பி இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும். ஒரு கனெக்டரில் 0.05 ஓம் மட்டுமே கூடுதல் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 ஆம்பியர் போகும்போது அங்கே 1.5 வோல்ட் இழப்பாகிறது. அந்த இழப்பு 45 வாட் உஷ்ணமாக மாறி, விரல் நுனியளவு உலோகத்தையும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் மெல்ல மெல்ல வறுத்துவிடுகிறது. வறுபட்ட ஸ்பிரிங்கின் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் தடை கூடுகிறது. தடை கூடினால் உஷ்ணமும் கூடுகிறது. ஆகையால் தடையை அளப்பதை விட்டு, பாரம் ஏறும் வேளையில் ஒவ்வொரு இணைப்பின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே வோல்ட்டேஜை அளக்க வேண்டும். பாட்டரி முனையிலிருந்து சர்க்கியூட் பிரேக்கர், பாட்டரிப் பெட்டியின் கனெக்டர், கண்ட்ரோலரின் முனை என்று வரிசையாக அளந்துகொண்டே போனால், ஒழுங்கான இணைப்பு மில்லிவோல்ட் கணக்கில் நிற்கும். குற்றவாளி வோல்ட் கணக்கில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த முறையின் மகிமையை எனக்கு நன்றாக விளக்கிய சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மகளுடன் வசிக்கும், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைப்போம். கடலைப் பார்த்துச் சரியும் தெருவின் மேல்முனையில் அவர்கள் வீடு. இறக்கத்தில் போகும்போது அவருடைய ஸ்கூட்டர் திடீரென்று நிற்பதும், சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுவதுமாக இருந்தது, பத்துச் சிமிட்டல். பார்த்துவிட்டுப் போன பழுது நிலையத்தார் கண்ட்ரோலரை மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"மாஸ்டர், சார்ஜ் போட்ட அன்றைக்குக் காலையில் மட்டும் நிற்கிறதா, மற்ற நாட்களிலுமா?" என்று கேட்டேன்.

"எல்லா நாளும் நிக்குது தம்பி. சார்ஜ் போடாத நாளும் நிக்குது. அந்தப் பள்ளம் விழுந்த இடத்திலை குலுக்கினாப் போதும்."

"ஏற்றத்தில் வரும்போது?"

"ஏற்றத்திலை ஒழுங்கா வரும். பாட்டரி காட்டுற முள்ளு மட்டும் கீழை விழும், பிறகு எழும்பும். ஏற்றமெண்டா அது வழமைதானே?"

அவருடைய இந்தப் பதில்களிலேயே பழுதின் முழு உருவமும் அடங்கியிருந்தது. அவருடைய வண்டியில் இருந்த எஸ்-டிரைவில் பத்துச் சிமிட்டல் என்பது கண்ட்ரோலருக்கு வந்த வோல்ட்டேஜ் அளவு மீறி உயர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். 24 வோல்ட் பாட்டரி வைத்த வண்டியில் அதிக வோல்ட்டேஜ் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். இறக்கத்தில் வண்டியின் பாரம் மோட்டாரைச் சுழற்றும்போது மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது. கண்ட்ரோலர் அந்த மின்சாரத்தைப் பாட்டரிக்குள் திருப்பி அனுப்புவதன் மூலமே வண்டியின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. அந்தக் கணத்தில் பாட்டரியின் இணைப்பு ஒரு குலுக்கலில் விட்டுப்போனால், வந்துகொண்டிருக்கும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட்டேஜ் சட்டென்று எழும்புகிறது. கண்ட்ரோலர் தன்னையும் வண்டியையும் காத்துக்கொள்ள நிறுத்திவிடுகிறது. முழுதாகச் சார்ஜ் ஆன பாட்டரியுடன் நேரே இறக்கத்தில் இறங்கினாலும் இதே குறி வரக்கூடும். அதனால்தான் முதற்கேள்வியாக அதைக் கேட்டேன். ஏற்றத்தில் முள் விழுந்து எழும்பியதோ, அதே இணைப்பு மின்னோட்டம் அதிகமாகும்போது வோல்ட்டேஜைத் தின்றுகொண்டிருந்ததற்குச் சாட்சி.

பாட்டரிப் பெட்டியின் அடியிலிருந்த கனெக்டரைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டு தகடுகளில் ஒன்று வெள்ளியாய்ப் பளபளத்தது. மற்றொன்று நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, அதைத் தாங்கிய பிளாஸ்டிக் ஓரத்தில் உருகி வழிந்து இறுகியிருந்தது. அதனுள் செல்லும் ஒயரின் தோலை உரித்தால் செம்பு இழைகள் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கறுத்துக் கிடந்தன. கறுத்த பகுதியை வெட்டித் தள்ளி, இருபக்கமும் புதிய கனெக்டரை உரிய கருவியால் நசுக்கிப் பொருத்திய பிறகு, அதே பள்ளத்தின்மேல் அதே இறக்கத்தில் மாஸ்டர் போய் வந்தார். கண்ட்ரோலர் இன்றுவரை பழையதுதான்.

அடுத்தது நிறுத்து பிரேக். மோட்டாரின் பின்புறம் வட்டமாக ஒட்டியிருக்கும் இந்த உறுப்பு, மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங்கின் வலுவால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். காயிலுக்கு 24 வோல்ட் கொடுத்தால் விடுவிக்கும். லீவரை அழுத்தியதும் 'டக்' என்று கேட்கும் சத்தம் அதனுடையது. அந்தச் சத்தம் கேட்டும் வண்டி நகரவில்லையானால் ஒரு வழி, சத்தமே கேட்கவில்லையானால் வேறு வழி என்று தேடலைப் பிரித்துக்கொள்ளலாம். காயிலின் தடை வழக்கமாகச் சில பத்து ஓம் இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயிலோ ஒயரோ அறுந்திருக்கிறது. பல வண்டிகளில், கையால் தள்ளிச் செல்வதற்காக உள்ள லீவரின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது; லீவரை முழுதும் பழைய இடத்துக்குத் திருப்பாவிட்டாலோ, ஸ்விட்சுக்குள் ஈரம் புகுந்துவிட்டாலோ, கண்ட்ரோலர் ஓட்ட மறுக்கும். துப்புரவு செய்ய வந்தவர் அந்த லீவரை இடித்துவிட்டுப் போனதால் வண்டி நின்று, பழுது பார்க்க ஆள் தேடிய வீடுகளும் உண்டு.

இந்த இடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பிரேக் காயிலுக்குப் பதிலாக ஒரு தடையை ஒயரில் இணைத்துவிட்டால் கண்ட்ரோலர் ஏமாந்து வண்டியை ஓட்டும் என்று யோசனை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டும், உண்மைதான், ஆனால் பிரேக்கின் உண்மை நிலையை அறிய அதற்கு இனி வழியில்லை. பெரிய ஸ்கூட்டர் ஒன்று ஆளையும் சேர்த்து 200 கிலோவுக்கு மேல் இருக்கும். சரிவில் நிறுத்திவிட்டு இறங்குகிற முதியவர், அது தன் இடத்தில் நிற்கும் என்று நம்பித்தான் முதுகைத் திருப்புகிறார். அந்த நம்பிக்கையின்மீது கை வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

மோட்டாரைப் பொறுத்த வரையில், காந்தமும் கார்பன் பிரஷ்ஷும் கொண்ட பழைய பாணி மோட்டார்களே பெரும்பாலும் இன்னும் புழங்குகின்றன. காலையில் சாவி போட்டால் மோட்டார் குறை என்று சிமிட்டி, வண்டியைக் கையால் அரை அடி தள்ளிவிட்டு மறுபடி போட்டால் ஒழுங்காக ஓடுகிறதென்றால், பிரஷ் தேய்ந்து கம்யூடேட்டரின் சில இடங்களில் தொடாமல் நிற்கிறது என்பது ஏறக்குறைய நிச்சயம். மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, பின் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, பிரேக்கை விடுவித்து, கையால் சுழற்றினால் மீட்டரில் சிறிது வோல்ட்டேஜ் எழும்ப வேண்டும். ஒயர்களின் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துச் சுழற்றினால் சக்கரம் கனக்க வேண்டும். சில இடங்களில் கனத்து, சில இடங்களில் லேசாகப் போனால் பிரஷ்ஷைத் திறந்து பார்க்கலாம். புதிய பிரஷ் ஒரு ஜோடி சில பவுனுக்குக் கிடைக்கும் சாமான். மாற்றும்போது உள்ளே சேர்ந்திருக்கும் கரித்தூளையும் துலக்கிவிட வேண்டும், ஏனென்றால் அந்தத் தூளே மின்சாரத்துக்கு வழி கொடுத்து மோட்டாரின் உடலுக்குக் கசிவை உண்டாக்கும்.

வேக லீவருக்குப் பின்னால் இருப்பது, ஸ்பிரிங்குகளால் நடு ஸ்தானத்தில் நிறுத்தப்பட்ட ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பொதுவாக 5 கிலோஓம். டிஜிட்டல் மீட்டரைவிட, கருவிப் பெட்டியின் அடியில் தூங்கும் பழைய முள் மீட்டர் இதற்கு உத்தமமானது. லீவரை மெல்ல அழுத்தும்போது முள் சீராக நகர வேண்டும்; நடுவில் ஓரிடத்தில் வெடுக்கென்று துள்ளினால் அங்கே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறுகிற வேகத்தில் இந்தத் துள்ளல் கண்ணுக்கு அகப்படாது. லீவர் நடு ஸ்தானத்துக்குச் சரியாகத் திரும்பாவிட்டாலும், சாவி போடும்போதே கண்ட்ரோலர் மறுத்துவிடும். அது செய்வது நியாயம், இல்லாவிட்டால் சாவியைத் திருப்பியவுடன் வண்டி பாய்ந்துவிடுமே. இந்த லீவரிலிருந்து கீழே வரும் ஒயர்க் கட்டு, ஹாண்டில் கம்பத்தை மடக்கும் கீலின் அருகே நாள்தோறும் வளைந்து வளைந்து, மேல் தோல் சிதையாமலே உள்ளே அறுந்துவிடுவதும் உண்டு. கம்பத்தை மடக்கி நிமிர்த்தும்போது பழுது வந்து போனால், தேடும் இடம் அதுதான்.

சார்ஜர் செருகும் மூன்று முனைச் சாக்கெட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். அதன் மூன்றாவது முனை, சார்ஜ் ஏறும்போது வண்டியை ஓட்டவிடாமல் தடுப்பதற்கானது. கடற்காற்றில் அங்கே பச்சை பூத்துவிட்டால், சார்ஜர் செருகியே இருப்பதாகக் கண்ட்ரோலர் எண்ணிக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்துக் குறை எதுவும் அகப்படாவிட்டால்தான் கண்ட்ரோலரின் பக்கம் திரும்ப வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றி, கைவிரல் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே இந்த வேலையில் இறங்க வேண்டும். இந்தப் பாட்டரிகள் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், மோதிரம் விரலோடு பழுக்கக் காய்ந்துவிடும். கண்டென்சர்களில் தங்கியுள்ள மின்சாரத்தை ஒரு சிறிய பல்பின் மூலம் வடித்துவிட்டு, மோட்டார் ஒயர்களையும் கழற்றிவிட்டு, மீட்டரை டயோடு நிலையில் வைத்துக்கொள்ளலாம். சிவப்பு முனையைக் கண்ட்ரோலரின் பாட்டரி நெகடிவிலும், கறுப்பு முனையை மோட்டார் முனைகள் ஒவ்வொன்றிலும் வைத்தால், இரண்டிலும் ஏறக்குறைய அரை வோல்ட் காட்ட வேண்டும். முனைகளை மாற்றி வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால் அந்தக் கிளையின் மாஸ்ஃபெட் வெந்துவிட்டது. பாஸிடிவ் பக்கத்தில் இதே பரீட்சை செய்யும்போது நடுவில் ரிலே திறந்திருந்தால் எதுவும் காட்டாமல் போகலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பல கண்ட்ரோலர்களின் உள்ளே ஈரம் புகாதிருக்கப் பிசினை ஊற்றி உறையவைத்திருப்பதால், உள்ளே உள்ள பாகங்களை மாற்றுவதற்கு வழியில்லை. மாஸ்ஃபெட் வெந்தது நிச்சயமானால் புதிய கண்ட்ரோலரே கதி. ஆனால் அது ஏன் வெந்தது என்று பாராமல் புதியதைப் பொருத்தக் கூடாது. ஷார்ட் ஆன மோட்டாரோ, சக்கரத்தைப் பிடித்தபடியே இருந்த பிரேக்கோ பழையதைக் கொன்றிருந்தால், புதியதையும் கொல்லும்.

மாற்றுக் கண்ட்ரோலரை வாங்குகிறவர்கள், பெட்டியும் பிளக்கும் ஒன்றாக இருந்தால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். உச்ச வேகம், எவ்வளவு விரைவாக வேகமெடுப்பது, லீவரை விட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்பது, மோட்டாரின் தடை என்ன என்பன போன்ற கணக்குகள் ஒவ்வொரு வண்டி மாதிரிக்கும் வேறுவேறாக அதற்குள் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. கனத்த வண்டிக்காகப் பதிவானதை எடுத்து லேசான வண்டியில் போட்டால், லீவரைத் தொட்டதும் அது துள்ளிப் பாயும்; ஏறியிருப்பவர் எழுபது வயதைக் கடந்தவர் என்பதை அந்தப் பெட்டி அறியாது. ஆகவே வண்டியின் மாதிரி எண்ணைச் சொல்லி, அதற்கென்றே பதிவு செய்யப்பட்டதாக எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். பொருத்தியவுடன், பின் சக்கரங்களை உயர்த்திவைத்து முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, லீவரை விட்டதும் பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு சமதளத்தில் பழுது பார்த்தவரே ஏறி மிகக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். கடைசியாகச் சரிவில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, வண்டி ஓர் அங்குலமும் நழுவாமல் நிற்கிறதைப் பார்த்த பின்னரே, உரியவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டும்.